விபூதி ஒட்டிய படம்

மூளைப் படம் பார்ப்பதில் பேர்போன பேராசிரியர் அவர். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் திருவண்ணாமலை ஸ்கேன் சென்டருக்கு வருவார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் மசிக்கறை. எந்த பிலிமை எடுத்தாலும் நோயாளியின் பேரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். “பேரைப் படிச்சா கண்ணு பொய் சொல்லும்” என்று மாணவர்களிடம் சொல்வார். படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டரையும் பழக்கிக்கொண்டிருந்தார்.

என் மகளின் பிலிமை அதில் காட்டினார். ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுற்றி அது வட்டம் போட்டது.

“கட்டி மாதிரி தெரியுதுங்க” என்றார்.

“அது விபூதிங்க சார்! என் சம்சாரம் சன்னதியில வச்சி எடுத்தாந்தா. தொடச்சிட்டுப் பாருங்க.”

பக்கத்திலிருந்த மாணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேராசிரியர் கையமர்த்திவிட்டு, கைக்குட்டையால் துடைத்து மறுபடி காட்டினார். அதே இடத்தில் வட்டம்.

“இன்னும் ஒட்டினு இருக்குங்க சார்.”

மறுபடி துடைத்தார். அதே வட்டம்.

மூன்றாம் தடவை நான் கேட்காமல் அவராகவே துடைத்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஏன் துடைத்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அப்போது அவருடைய கட்டைவிரல் என் மகளின் பேரை மறைத்திருக்கவில்லை.