அண்ணா மரத்திலிருந்து எய்த கடைசி அம்பு

வேலணையில் எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணா. அவருக்குப் பின் பிறந்த ஒரே தங்கை நான். அவர் மறைந்த ஓராண்டு நிறைவில் உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மலருக்கு அவரைப்பற்றி எழுதும்படி அண்ணி கேட்டார். "நல்லதை மட்டும் எழுதாதேங்கோ மச்சாள், நடந்ததை எழுதுங்கோ" என்றும் சொன்னார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நாட்டுப் பிரச்சினையில் இந்தக் குளிர்நாட்டுக்கு அகதியாக வந்த அண்ணா, நகரின் பார்க்டேல் பகுதியில் ஓர் அறையில் பலரோடு படுத்தெழும்பி, உணவகமொன்றில் கோப்பை கழுவி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டெடுத்தார். பிறகு கூரை வேலைக்குப் போனார். மல்வேர்ன் பகுதியில் வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தார். ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பதில் அப்படியொரு பிடிவாதம் அவருக்கு. உயரத்துக்கு அவர் பயந்ததை நான் கண்டதேயில்லை. எனக்கு அதுதான் பயம்.

கூரை வேலையில் சிநேகிதரானவர் மன்னாரைச் சேர்ந்த பீற்றர் அண்ணை. இங்கே அனுமதி எடுத்து வில்லும் அம்புமாகப் போகும் மான் வேட்டைக்கு அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். மரத்தில் உயரத்தில் ஒரு சிறு இருக்கையைக் கட்டி, உடம்பைப் பாதுகாப்புப் பட்டியால் மரத்தோடு பிணைத்துக்கொண்டு, மான் வரும்வரை அசையாமல் காத்திருப்பார்கள். "உயிர்க்கொலை செய்யிற குடும்பம் உருப்படாது" என்று சொந்தக்காரர் சிலர் கோயில் வாசலில் கதைத்தது என் காதுக்கும் வந்தது. அண்ணி சமைத்த மான் இறைச்சிக் கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களும் அவர்களேதான்.

முதல் வருடம் அண்ணாவின் அம்பு மானின் முதுகுக்கு மேலால் போய்விட்டது. தோற்றுத் திரும்பியவர் எனக்குக் காரணம் சொன்னார். "மேல இருந்து எய்யேக்கை கையைத் தாழ்த்தக் கூடாது தங்கச்சி. கை தோளுக்கு நேர நிக்கவேணும், இடுப்புத்தான் வளையவேணும். தூரத்தையும் கண்ணிலயிருந்து அளந்தால் குறி பிழைச்சுப்போகும். மரத்தடியிலயிருந்து அளக்கவேணும்."

அதன்பிறகு வீட்டு மாடிப்படிதான் அவருடைய மரம். மேல்படியில் நின்று, அம்பு பூட்டாத வில்லை இழுத்து, இடுப்பை வளைத்து, கீழே கிடக்கும் அரிசிப் பையைக் குறிபார்ப்பார். பிறகு நாணை விடாமல் மெல்லத் தளர்த்துவார். ஒருநாள் கதவைத் திறந்து உள்ளே வந்து நிமிர்ந்தால் வில் என் தலைக்கு நேரே. "அண்ணா, நான் மான் இல்லை!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நல்லதுக்கில்லை என்று மனம் சொன்னது.

வேட்டைக்கு வெளிக்கிடும்போது "எங்கே போகிறீர்கள்" என்று ஒருவரும் கேட்கக்கூடாது. கேட்டால் காரியம் சரிவராது என்று சப்பாத்தைக் கழற்றி, திரும்பி வந்து இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். நம்மில் பல வீடுகளில் உள்ள வழக்கந்தான். அண்ணியும் கேட்பதை விட்டுவிட்டு, "கவனம்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார்.

சென்ற வருடம் அந்தக் கடைசி வாரம் இடது தோள் நோகிறது என்று எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தார். "வில்லுப் பிடிக்கிற கைதானே, நோகத்தான் செய்யும்" என்றார். நாங்களும் நம்பினோம். மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. அதற்கு வயதைச் சாட்டினார். அதே வாரம் தன் இருக்கையை வேறொரு மரத்துக்கு மாற்றியும் இருந்தார். பீற்றர் அண்ணையிடம்கூடச் சொல்லவில்லை. மானோடு வந்து அவரைத் திகைக்கவைக்க நினைத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை விடியமுன் புறப்பட்டார். முகம் வெளிறியிருந்ததாம். கேள்வி அண்ணியின் வாய்வரை வந்ததாம். விழுங்கிக்கொண்டாராம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பாரில்லை. நகருக்கு வடக்கே ஒரு கிராமத்து ரோட்டோரம் அவருடைய வான் வண்டியைப் பொலிஸார் கண்டுபிடித்தார்கள். போன் வண்டிக்குள்ளேயே கிடந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் காடு. அண்ணியிடம் அவர்கள் கேட்ட முதற் கேள்வி, எங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதுதான். அண்ணி என்னைப் பார்த்தார். பனி தூறத் தொடங்கியிருந்தது.

வேலைக்குப் போயிருந்த பீற்றர் அண்ணை ஓடிவந்தார். பழைய மரம் வெறுமையாக இருந்தது. பொழுதுபடும் நேரத்தில், சருகுக்குள் ஒரு சிறு சிவப்பு வெளிச்சத்தை அவர்தான் கண்டார். அம்பின் பின்முனையில் பூட்டும் விளக்கு அது. மானை ஊடுருவிய அம்பு நிலத்தில் சரிந்து குத்தி நின்றது. "இது அவன்ரை அம்புதான். வந்த பக்கத்துக்குத்தான் சரிஞ்சு நிக்குது" என்றவர், முழந்தாளிட்டு, அம்போடு கண்ணை ஒட்டி மேலே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

அண்ணா மரத்தில் சாய்ந்திருந்தார். பட்டி அவரை விழவிடவில்லை. மான் சற்றுத் தள்ளி விழுந்து கிடந்தது. குறி துளியும் பிசகவில்லை என்று பீற்றர் அண்ணை அழுதழுது சொன்னார். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

மாரடைப்பு என்றார் வைத்தியர். நேரத்தோடு தேடிக் கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தச் "சொல்ல முடியாது" எங்கள் வீட்டில் ஒரு வருடமாகக் குடியிருக்கிறது. அண்ணாவோடு எனக்கிருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்தால் அவர் உண்மையாகவே போய்விடுவார் என்று பயமாயிருக்கிறது.

தன் தோட்டத்துக் கேற்றைத் திறந்துவிட்டு உழவு இயந்திர வெளிச்சத்தோடு எங்களுடன் தேடிய, பெயர்கூடத் தெரியாத அந்த வெள்ளைக்கார முதியவருக்கும், அண்ணாவைத் தோளில் தாங்கி இறக்கிய பீற்றர் அண்ணைக்கும், முப்பத்தோராம் நாள் கிரியைவரை எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னுமொன்று. நீங்கள் மண்டபத்தை விட்டு வெளிக்கிடும்போது வாசலில் ஒருவர் வழிமறித்து "எங்க போறீங்கள்?" என்று கேட்பார். சகுனப்பிழை என்று முகஞ்சுளிக்காமல் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்பவர் அண்ணி.