இன்டர்வெல் மணி

வீரபாண்டிப் பக்கம் ஒரு தியேட்டரில் படம் ஓட்டுகிறேன். பெட்டி பெட்டியாகப் பிலிம் வந்த காலத்திலிருந்து இப்போதைய கம்ப்யூட்டர் வரைக்கும் எனக்குப் பெயர் ஒன்றுதான், ஆபரேட்டர். போன வருடம் முதலாளி பனியன் கம்பெனிகளின் வேஸ்ட் துணியை வாங்கி விற்க ஆரம்பித்தார். தியேட்டரின் பக்கக் கதவைச் சாத்தி, அதற்கு வெளியே மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கிவிட்டார். "அது ஆளுக போற வழிங்க" என்றேன். "முன்னாடி ஒரு கதவு இருக்குதுங்களே" என்று சிரித்தார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கதவை ஒட்டித்தான் பெண்கள் உட்காருவார்கள். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வரும். கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் மகளும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குத் தோழிகளோடு அங்கேதான் இருப்பாள்.

ஒரு ஞாயிறு, படம் பாதியைத் தொடவில்லை, துணி கருகும் வாசம் கேபினுக்குள் வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து புகை. படத்தை நிறுத்தினால் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான், உட்கார்ந்தபடி விசில்தான் அடிப்பான். தீ என்று கத்தினாலோ மிதித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். அதனால் இன்டர்வெல் மணியை அடித்து விளக்குகளைப் போட்டேன். கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. அப்பாடா என்று கீழே ஓடினேன்.

உள்ளே பெண்கள் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அடப்பாவி மனுசா! இன்டர்வெல்லில் ஆண்கள்தான் எழுந்து போவார்கள், பெண்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு முறுக்குக்குக் காத்திருப்பார்கள் என்பது இத்தனை வருசத்தில் உனக்குத் தெரியாதா? கதவிடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. என் மகள் பக்கத்து சீட்டில் பையைப் போட்டுக்கொண்டு, "ஏனுங்கப்பா, அதுக்குள்ள இன்டர்வெல் உட்டுட்டீங்க?" என்றாள்.

கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிங்க கண்ணுகளா, வெளிய போங்க, வெளிய போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசிப் பெண் முன்கதவைத் தாண்டும்போது உள்ளே ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அடுத்த வாரமே அதே கதவுக்கு வெளியே புது மூட்டைகள் வந்து இறங்கின. முதலாளி முன்னால் போய் நின்றேன். "அன்னைக்கே ஒண்ணும் ஆகலீங்களே, அப்பறம் என்னங்க?" என்றார்.

என் மகளிடம் இனித் தியேட்டர் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் உட்காருகிறார்கள். அவர்களுக்குப் படம் ஓட்டுவது நான்தான்.