ஃபோம் லோடு

ஸ்பிரிங் பட்டை வாங்கப் போகிற மனுஷன் பொய் சொல்லக் கூடாது. வேறு எதற்கு வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும், யார் கேட்டது? ஆனால் பிக்கப் வண்டிக்குப் பாரம் தாங்கும் பின்பக்கப் பட்டையை மாற்றப் போன இடத்தில், என்ன லோடு ஏற்றுகிறாய் என்று கேட்டவனிடம் பொய் சொன்னால், நாளைக்கு அந்தப் பொய்யின் மேல்தான் வண்டி நிற்கும். பிள்ளைப்பாக்கம் ரகுபதி இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம் அவருடையது. நிலம் கம்பெனிகளுக்குப் போயிற்று. வந்த பணத்தில் வீட்டு முகப்புக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், தங்கையைக் கட்டிக் கொடுத்தார்கள். மீதி எங்கே போனது என்று கேட்டால் ரகுபதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொஞ்ச நாள் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். தன் நிலம் இருந்த பக்கமாகவே வரும் கார்களுக்குச் சல்யூட் அடிக்கக் கை எழவில்லை. பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, ஒரகடம் பக்கம் கார் சீட்டுக்கான ஃபோம் ஏற்றினார். அந்த நாட்களில் அவர் நடையே வேறு. "நம்மளுது கம்பெனி லோடு" என்று டீக்கடையில் சொல்லும்போது மீசை தானாக மேலே ஏறும்.

அந்த லோடும் கைவிட்டுப் போனது. அப்புறம் கிடைத்ததுதான் கேண்டீன் லோடு. ஷிப்ட் ஆட்கள் சாப்பிட்டுத் தட்டில் மிச்சம் வைத்த சோறு, சாம்பார், மோர், பொரியல் எல்லாம் ஆறு டிரம்மில் நிரம்பும். கம்பெனியின் பின்கேட்டில் ஏற்றி, காட்டுப் பக்கம் இருந்த பன்றிப் பண்ணையில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

எச்சில் சோறு, அதுவும் பன்றிக்கு! ரகுபதி ஊரில் மூச்சு விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் முன் பினாயில் ஊற்றி வண்டியைக் கழுவுவார், தானும் குளிப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் இன்னமும் ஃபோம்தான். ஒருத்தருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

டிரம்மை ஒரே ஆளாகச் சாய்க்க முடியாது. கூட வந்தது அவர் மனைவி கனகம். புடவைக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்காருவாள். "சோறு தூக்கறதுக்கு இன்னாயா வெக்கம்? திருடிகினா வரோம்?" என்பாள். அவர் ஊர் எல்லை வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

மகள் பூஜாவுக்கு வரன் வந்தபோது பயம் இரட்டிப்பானது. மாப்பிள்ளை எழிலரசன் இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்ப்பவன். அவன் அப்பா திருமலை வல்லக்கோட்டையில் டிராக்டர் வைத்துப் பயிர் செய்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று அவர், "சம்மந்தி வண்டி எதுக்கு ஓடுது?" என்று கேட்டார். ரகுபதி கண்ணை மூடிக்கொண்டு, "கம்பெனி லோடு. சீட்டு ஃபோமு" என்றார். காபி கொண்டுவந்த கனகம் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. பன்றிச் சோறு சமாசாரம் வெளியே வந்தால் எல்லாம் போச்சு என்று ரகுபதிக்குத் தூக்கம் போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் வண்டியின் இடப்பக்கப் பட்டை உடைந்தது.

ஒரகடத்தில் அய்யாத்துரை என்ற தெற்கத்திக்காரர் பட்டைக் கடை வைத்திருந்தார். ரகுபதி வண்டியை அங்கே விட்டால், டிராக்டர் டிரெய்லருக்கு போல்ட் வாங்க வந்த திருமலை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! "வாங்க சம்மந்தி" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

அய்யாத்துரை வண்டிக்கடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, மெயின் பட்டையே போயிட்டு. மத்ததும் வளைவு போய் நேராப் படுத்துட்டு. என்ன லோடு ஏத்துதிய?"

"ஃபோமு."

"ஃபோமுக்கா இந்தக் கதி?"

"பழைய ஓனரு ஓவர்லோடு அட்ச்சிருப்பான்" என்றார் ரகுபதி. ஒரு பொய்க்கு இன்னொன்று முட்டுக் கொடுத்தது.

"தண்ணி மாதிரி ஆடுத சரக்கு ஏத்துவியளா? டிரம்மு, கேனு? அது ஒரு பக்கமாத் தள்ளும். அதுக்குக் கனத்த செட்டுதான் போடணும். ஃபோம் மட்டும்னா இந்த மெல்லிசு செட்டு போதும், வண்டி தூக்கிப் போடாது."

இரண்டு செட்டும் தரையில் கிடந்தன. ரகுபதியின் கண் கனத்த செட்டின் மேலேயே இருந்தது. வாய் திறந்தால் போதும். அதற்குள் திருமலை குறுக்கே புகுந்தார். "இன்னாப்பா நீ, போலீஸ்காரன் மாதிரி கேட்டுகினு? அவரு கம்பெனி லோடுன்றாரு இல்ல?"

"சரி. கூட ஆளு ஏறுமா?"

"நான் ஒருத்தன்தான்."

மெல்லிசு செட்டு ஏறியது. ராத்திரி கனகம், "எத்தினி டிரம்முன்னு சொன்னியா?" என்று கேட்டாள். "அல்லாம் சொல்ட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரகுபதி எப்போதும் சம்மந்தி ஊரான வல்லக்கோட்டை வழியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவார். அடுத்த வாரம் ஒரு நாள் சுற்று வழியில் குழாய் போடத் தோண்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வல்லக்கோட்டைக்குள் நுழைந்தார். அன்று கிருத்திகை, ரோடெல்லாம் கோயிலுக்கு வந்த கூட்டம். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளியிருந்தார். வெறும் காலில் மிதித்தால்தான் பிரேக் தெரியும் என்பார். எவ்வளவு மெதுவாக ஏறியும், வேகத்தடையில் இடப்பக்கம் 'மடார்' என்றது. டிரம்முக்குள் சாம்பார் ஆடி ஒரு பக்கமாகத் தள்ள, வண்டி சாய்ந்தது. பின்கதவு திறந்து, இரண்டு டிரம் உருண்டு நடுரோட்டில் கவிழ்ந்தன.

ஐயோ, அந்த நாற்றம்! பாற்குடம் எடுத்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். பைக்கில் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கனகம் முறத்தை எடுத்துக்கொண்டு குதித்து அள்ள ஆரம்பித்தாள். ரகுபதியும் இறங்கினார். இறங்கியவர் கூட்டத்துக்குப் பின்னால் திருமலையின் பைக் வருவதைப் பார்த்துவிட்டார்.

அப்புறம் அவர் செய்ததை எழுதவே கூசுகிறது. பெண்டாட்டியை நடுரோட்டில் சோற்றுக் குவியலுக்கு நடுவே விட்டுவிட்டு, யாரோ வழிப்போக்கன் மாதிரி எதிர் டீக்கடைக்குள் நுழைந்து, உள் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாண்ணே, டீயா?" என்றாள் கடைக்கார அம்மா. அவர் தலையாட்டினார். அவள் வெளியே பார்த்து உச்சுக்கொட்டினாள். "பாவம், ஒண்டியா அள்ளுது. வண்டி ஓட்டினு வந்த ஆம்பள எங்க ஓட்னானோ, கட்டையில போறவன்."

ரகுபதி டீயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். சூடு தெரியவில்லை.

வெளியே திருமலையின் குரல் கேட்டது. "தங்கச்சி, நீயா? இன்னாம்மா இது?"

"கேண்டீன் மிச்சம்ணே. பன்னிப் பண்ணைக்குப் போறது. பட்ட உட்ஞ்சிட்ச்சி." கனகம் ஒளிக்கவில்லை.

"சம்மந்தி எங்க?"

கனகம் நிமிர்ந்து டீக்கடைப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவர் உள்ளே போனதை அவள் முன்பே பார்த்திருந்தாள். "மெக்கானிக்க இட்டாரப் போயிருக்காரு" என்றாள்.

ரகுபதி டீயைக் கீழே வைத்தார். இப்போது வெளியே போனால் கனகம் பொய்க்காரி ஆவாள். போகாவிட்டால் தான் யார்? எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வெளியே திருமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி வாங்கி வந்து அள்ளத் தொடங்கிவிட்டார். "மண்டபத்துல மிஞ்சின சோத்த நானே என் மாட்டுக்கு அள்ளினு வரவன். இத போயி மறைப்பாங்களா?" என்று அவர் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது. செத்துப் போகலாம் போல இருந்தது ரகுபதிக்கு. பயந்தது எதற்கு, செய்தது என்ன!

எல்லாம் அள்ளி முடிந்ததும், கை கழுவத் தண்ணீர் பாட்டில் எடுக்க வண்டிக்குள் குனிந்த திருமலை கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. உச்சி வெயிலில் மெக்கானிக்கைத் தேடிப் போகிறவன் செருப்பை விட்டுவிட்டா போவான்? கனகம் பார்த்த திசை நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவர் நேராக டீக்கடை வாசலுக்கு வந்து, உள்ளே பார்க்காமல், செருப்பைப் படியில் வைத்தார்.

"சம்மந்தி வந்தா குட்த்துடும்மா. தார் ரோடு சுடுது" என்று கடைக்கார அம்மாவிடம் சொன்னார். போகிற போக்கில் கனகத்திடம், "நிச்சயத்துக்கு நாள் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

கடைக்கார அம்மா செருப்பைப் பார்த்தாள். பிறகு ரகுபதியின் காலைப் பார்த்தாள். டீக்குக் காசு வேண்டாம் என்றாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரகடம் போகும் வரை கனகம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடையில் அய்யாத்துரை புதுப் பட்டையின் முறிவைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கடையில் நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள். ரகுபதி எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"கேண்டீன் எச்ச சோறு. ஆறு டிரம்மு. பன்னிப் பண்ணைக்குப் போவுது. அன்னிக்குப் பொய் சொல்ட்டேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அய்யாத்துரை கனத்த செட்டை இழுத்துப் போட்டார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. சரி, கூட ஆளு ஏறுமா?"

"ஏறும்" என்றார் ரகுபதி. "என் சம்சாரம் வருவா."

கனகம் சட்டையில் காய்ந்திருந்த சோற்றுப் பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வருவேன்னு நான் இன்னும் சொல்லலியே" என்றாள்.