துணி துவைக்கும் அறைக்கு இடம் பார்ப்பவர்

காளியண்ணன் ஊதுபத்தியைப் பற்றவைத்து, தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு குந்துகிறார். ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார், ஃபேனை நிறுத்தச் சொல்கிறார். வாஷிங் மெஷின் வைக்கப்போகும் அறை மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஹால், பூஜையறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். புகை நேராக எழுந்தால், "இங்கியே வெச்சுக்கலாமுங்க" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். கூலி ஒரு காபி, அவ்வளவுதான்.

சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் எங்கள் மனைப்பிரிவில் இருபத்திரண்டு வீடுகள். எல்லாரும் அவரை வாஸ்துக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்து ஏமாந்தவன்தான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் துணி துவைக்கும் அறைக்காக எங்களுக்குள் ஒரே ரகளை. படுக்கையறைக்குப் பக்கத்தில் வேண்டும் என்பாள் என் மனைவி வித்யா. பின்பக்கம்தான் சரி என்பார் என்ஜினியர் நவீன்குமார். நான் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முறைப்பார்கள். சனியன், பெரிய மனுஷர் ஒருத்தர் சொல்லட்டுமே என்று காளியண்ணனிடம் போனேன்.

நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டார். மூன்று வயதில் தமிழினி இருக்கிறாள் என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர் அவர். இந்த மனைகள் சோளக்காடாக இருந்தபோது மூன்று இடத்தில் தொள்ளாயிரம் அடி இறக்கியிருக்கிறார். மூன்றிலும் புழுதிதான் பறந்தது. தண்ணீர் வராத குழியில் பைப்பை விட்டுவைப்பானேன் என்று உருவி அடுத்த ஊருக்கு எடுத்துப்போவது அவர்கள் வழக்கம். குழி வாயில் ஒரு கல்லை வைத்து, மண்ணைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடையாளத்துக்கு நின்ற வேப்பமரத்தை மனை பிரித்தவர்கள் வெட்டிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு அடியில் எது இருக்கிறது என்று இன்று அவருக்கே தெரியாது.

"படுக்கற ரூமுக்கு அடியில இருந்தா அது பாட்டுக்குக் கெடக்குமுங்க. தொவைக்கற எடத்துல தண்ணி எறங்கும், மிசினு அதிரும். மண்ணு கரைஞ்சு வாயத் தொறந்துக்கும்."

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் இருபத்திரண்டு வீட்டிலும் யார் தூங்குவார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

காய்ந்த போர் மூச்சு விடுமாம். காலையில் காற்றை உள்ளே இழுக்கும், மத்தியானத்துக்கு மேல் வெளியே விடும் என்கிறார். புகையை இழுக்கிறதா என்று பார்க்கத்தான் பத்தியோடு காலையில் மட்டும் வருகிறார். எந்த வீட்டுக்குள் போனாலும் அறையின் நடுவே நடக்க மாட்டார், சுவரோரமாகவே போவார். ஏதாவது ஒரு குழந்தை தரையில் தவழ்ந்தால் அதன் கைக்கு அடியில் இருக்கும் தரையையே பார்ப்பார். பதினாலு வீடு பார்த்து முடித்தும் ஒரு குழிகூட அகப்படவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு எங்கள் பின்பக்க அறைக்கு வந்தார். சுவர் எழும்பி மண் நிரப்பியிருந்தது, கான்கிரீட் இன்னும் போடவில்லை. தமிழினி ஒரு மூலையில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். காளியண்ணன் பத்தியை நீட்டினார். புகை ஒரு சாண் எழுந்தது. அப்புறம் வளைந்து, இறங்கி, குழந்தையின் காலடி மண்ணுக்குள் நூல் மாதிரி போயிற்று. காற்று துளியும் இல்லை.

இங்கே வைக்கலாமா என்று வித்யா கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பாவத் தூக்கிக்கங்க சாமி."

எப்படித் தூக்கினேன் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், குழி வாயை உடம்பால் மூடுகிறவர் மாதிரி, காளியண்ணன் கைகால்களை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். எழுந்து வரச் சொல்லிக் கத்தினேன். மண்ணில் பதித்த முகத்தை அவர் எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, வெளியே போங்கள் என்று எங்களுக்கு ஆட்டினார்.