காலால் வந்த பந்து

கிடங்கில் அவருக்குப் பெயர் ‘கதவு’. சரக்கு லிஃப்ட்டின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கு அணிக்கு கோல் கீப்பர். இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள். லிஃப்ட்டில் சரக்கோடு அவர் ஒருவர்தான் ஏறலாம். துணி மூட்டைகளோடு நாள் முழுக்க மேலே போய்க் கீழே வந்துகொண்டிருப்பார். மூட்டை என்ன பதிலா சொல்லப்போகிறது? வேலை விட்டுப் போனால் வீட்டிலும் அவர் ஒருவர்தான்.

ஆட்டத்தில் சட்டம் பேசுவதென்றால் மட்டும் வாய் ஓயாது. “நம்ம ஆளு காலால தட்டிக் குடுத்தா நான் கையால தொடக்கூடாது. தலையால குடு, நெஞ்சால குடு, எடுத்துக்கறேன்” என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் காது புளிக்கச் சொல்வார். தொட்டால் கோலுக்குப் பக்கத்திலேயே எதிரணிக்கு ஃப்ரீ கிக் போய்விடும்.

தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இவருக்குத் தம்பி கண்ணெதிரேதான் நின்றான், அதே அணியின் தடுப்பாட்டத்தில். பேச்சுத்தான் இல்லை. தம்பியின் கல்யாணத்தன்று இவர் இறுதிப் போட்டி ஆடப் போய்விட்டு, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சேற்றுக்காலோடு வந்து நின்றார். “உன் கூடப்பிறந்தது பந்துதான், போ” என்றான் தம்பி. அப்படிப்பட்ட அண்ணனை யார்தான் கொஞ்சுவார்கள்? அன்றிலிருந்து எல்லோரையும்போல அவனும் “கீப்பர்” என்றுதான் கூப்பிட்டான். நெருக்கடி வந்தால் பந்தை வெளியே உதைத்துத் தள்ளுவானே தவிர, இவரிடம் தட்டமாட்டான்.

இப்போது தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல். அந்த ஞாயிறுதான் கடைசி ஆட்டம். போவதற்குள் ஒரு தரம் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட மாட்டானா என்ற ஏக்கம் அவரை அரித்தது. தானாகப் போய்ப் பேச வெட்கம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் ஒரு கோல். எதிரணி ஆட்கள் இருவர் தம்பியைக் கோலுக்கு எதிரே மடக்கினார்கள். வெளியே உதைக்க வழியில்லை. பதறிப்போய்ப் பந்தைக் காலால் பின்னால் தட்டிவிட்டான்.

“அண்ணே!”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. உருண்டு வந்த பந்து. காலால் ஓங்கி ஒரு உதை விட்டிருந்தால் தீர்ந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனிதர் குனிந்து, இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். விசில் ஊதிய பிறகும் விடவில்லை. நடுவர் வந்து பிடுங்கவேண்டியிருந்தது.

ஃப்ரீ கிக், கோல், தோல்வி. “கதவே திறந்துவிட்டுடுச்சு, யாரைச் சொல்ல?” என்று ஒருவன் கரித்துக்கொட்டினான். அவர் காதில் அது ஏறவில்லை. பல வருஷம் கழித்து அன்றுதான் அவர் சந்தோஷமாக இருந்தார்.

தம்பி வந்து நின்றான். “எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. நீங்களே கையால எடுத்தா எப்படி?”

“அண்ணேன்னு கூப்பிட்டியேடா.”

தம்பி விழித்தான். “கூப்பிட்டேனா?”

நடிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

“இல்ல... எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கும்” என்றார்.

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்றான். அதன் பின்னால் இன்னும் ஒரு சொல் வரும் என்று, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் காத்திருந்தார். தம்பி அதற்குள் சாலையைக் கடந்துவிட்டான்.