அஷ்டமி நவமியில் வந்த தபால்

தணிக்கைக்குப் போகிறவளுக்கு யாரும் நல்ல நாற்காலி தருவதில்லை. திண்டுக்கல்லில் அந்த அலுவலகத்திலும் (எந்த அலுவலகம் என்பது வேண்டாம்) மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். வெக்கையில் இன்னும் அதிகம்.

பார்க்க வேண்டிய கோப்பு ஒன்றுதான். சுற்றுவட்டாரப் பேரூராட்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கணினிச் சேவை. குடிநீர்ப் புகாரோ வேறு மனுவோ, எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும். ஒரு தனியார் நிறுவனம் தானாக முன்வந்து இதற்குத் திட்டம் கொடுத்திருந்தது. அப்படி ஒருவர் வந்தால் மற்றவர்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் திட்டத்தையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. நாகல் நகரில் சின்னதாகக் கணினி நிறுவனம் நடத்தும் ஒரு பெண் மட்டும் போட்டிக்கு வந்திருந்தார். அவருடைய திட்டம் வெள்ளிக்கிழமை வந்தது, தாமதம் என்று தள்ளிவிட்டார்கள்.

கோப்பின் அடியில் அவர் கைப்பட எழுதிய மனு கிடந்தது. புதன்கிழமையே நேரில் கொடுத்ததாகவும், ரசீது கேட்டதற்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். ஓரத்தில், 'பதிவேட்டில் ஆதாரமில்லை' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான், கதை முடிந்தது.

தபால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். புத்தம்புதிது. முதல் பக்கத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி. முதல் பதிவு அந்த வெள்ளிக்கிழமை. பழைய பதிவேட்டின் கடைசிப் பதிவு செவ்வாய்க்கிழமை. அரசாங்க அலுவலகத்துக்கு இரண்டு நாள் ஒரு தபாலும் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டேன்.

அவர் பதறவேயில்லை. புதன் அஷ்டமியாம், வியாழன் நவமியாம். புது நோட்டுத் திறக்க ஆகாது என்று, வந்ததையெல்லாம் மேசை டிராயரில் போட்டுவைத்து, வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் பூ வைத்து ஆரம்பித்தாராம். சீலும் அன்றைய தேதிதான்.

"அந்த ரெண்டு நாளையும் பழைய நோட்டுலயே எழுதியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்கதான மேடம், ஒட்டுப்போட்ட நோட்டுல இனி ஒரு வரி எழுதக் கூடாதுன்னு செவ்வாக்கிழம எழுதி வச்சிட்டுப் போனீங்க?"

பழைய பதிவேட்டின் கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தேன். பச்சை மையில் என் கையெழுத்து. பக்கம் தீர்ந்தும் தாள் ஒட்டி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இதே அலுவலகத்துக்கு வேறு கணக்குப் பார்க்க முதல் தடவை வந்தபோது எரிச்சலில் கிறுக்கியது. வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை தான் கையில் வாங்கியது உண்மை என்று எழுத்தர் எழுதிக் கொடுத்தார். என் அறிக்கையில் அவர் செய்ததையும் எழுதினேன், நான் செய்ததையும் எழுதினேன். நம் குறிப்பை நாமே எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று என் மேலதிகாரி கேட்டார். அதை எடுத்துவிட்டால் பழி முழுக்க அந்த மனிதர் தலையில் விழும், எடுக்க மாட்டேன் என்றேன்.

நல்லவேளை, அந்தத் தனியார் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கும் ஆணையில் இன்னும் கையெழுத்தாகியிருக்கவில்லை. என் அறிக்கைக்குப் பதில் வாங்க நான் மறுபடி போன அன்று அந்தப் பெண்ணும் வந்திருந்தார். திட்டம் புதன்கிழமையே பெறப்பட்டது, பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று இரண்டே வரிக் கடிதம். எழுத்தர் எழுந்து நின்று கொடுத்தார். பரிசீலனை பற்றி அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்தபடி நின்றார்.

"இத மொதல்ல வீட்ல காட்டணும் சார். இம்புட்டு நாளும் எங்க வீட்டுக்காரரு, நான்தான் கோட்ட விட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் தப்பை அறிக்கையில் எழுதத் துணிந்த எனக்கு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.