தக்காளிக்கு அடித்த மருந்து

நேற்று மொட்டைமாடியில் என் கணவர் கத்தரிச் செடிகளுக்குக் கடையில் வாங்கிய பூச்சி மருந்து அடித்தார். அந்த அழுகிய பூண்டு நெடி மூக்கில் ஏறியதும் பழைய நாள் ஒன்று கண்முன் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போடி மலையிலுள்ள குரங்கணியில் இருந்தோம். அப்பா ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடிப்பவர். வீட்டுக்குப் பின்னால் அம்மா வளர்த்த தக்காளியில் புழு விழுந்திருந்தது. அப்பா கூரையில் செருகி வைத்திருந்த மருந்துக் குப்பியை எடுத்து, தண்ணீரில் கலந்து, யாருக்கும் தெரியாமல் நான் தெளித்தேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

மதியம் தங்கை செல்வி வாயெல்லாம் தக்காளிச் சாறோடு வந்தாள். சற்று நேரத்தில் எச்சில் ஒழுக, வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள்.

“புள்ள என்னத்தத் தின்னுச்சுன்னு தெரியலயே” என்று அம்மா அரற்றினாள்.

எனக்குத் தெரியும்.

ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் போடிக்கு விரைந்தோம். செல்வியின் மூச்சில் அதே நெடி. ஒவ்வொரு வளைவிலும் சொல்ல வாயெடுத்து, பயந்து மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், “என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன்.

“பூச்சி மருந்துங்கய்யா. செடிக்கு நாந்தான் தெளிச்சேன்.”

உடனே ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் செல்வி கண் விழித்து இட்லி கேட்டாள்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அப்பா செடிகளைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஜீப்புலயே ஏன் ஆத்தா சொல்லல?”

அம்மா இப்போது சிலமலையில் செல்வியோடு இருக்கிறாள். வாரம் ஒருமுறை பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.